பரணும் பழங்காகிதமும்

(கரையான்சாவடியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்.)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேதாந்தமன்று, விவாக சம்பந்தமானதுமன்று, சங்கத்தின் வரவு செலவுமன்று. அவரவர் வீட்டுப் பரண்மேலும், கட்டிலுக்கடியிலும், பீரோவின் மேல்தட்டிலும் வெகுகாலமாய்த் தூங்கிக்கொண்டிருக்கும் வைத்தியக் காகிதங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பற்றியதாகும். "இதற்கும் ஒரு பிரசங்கமா?" என்று நமது காரியதரிசி அவர்களே முதலில் நகைத்தார். அவர் வீட்டுப் பரணை யாம் பார்த்திருக்கிறோமாதலின் அந்நகையைப் பொருட்படுத்தவில்லை.

சில வருஷங்களுக்குமுன் எமது தமையனாருக்கு ஒரு நள்ளிரவில் கடுஞ்சுரமும் மூச்சிரைப்பும் கண்டன. சமீபத்திலுள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். பணியிலிருந்த டாக்டர் வயதில் இளையவர், ஆயினும் நிதானமுள்ளவர். மருந்து ஏற்றுமுன், "ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா?" என்று இருமுறை வினவினார். தமையனார் பேசும் நிலையில் இல்லை. இத்தகைய சங்கதிகளையெல்லாம் நினைவில் வைத்திருந்தவர் அண்ணியார். அவரோ மூன்று வருஷங்களுக்கு முன்னரே காலஞ்சென்றுவிட்டார். தமையனாரின் குமாரன் வீட்டிற்கு ஓடி, ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களைக் கொணர்ந்து மேஜைமேல் கொட்டினான். கொட்டிய குவியலை நாலைந்து நிமிஷம் புரட்டிவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொன்னவர் யாமே. மருந்து ஏறிய கால் மணிக்குள் முகம் வீங்கிற்று; நாக்குத் தடித்தது; மூச்சு அடைத்தது. அந்த டாக்டரின் சமயோசிதத்தாலும் தெய்வானுகூலத்தாலும் உயிர் தப்பிற்று.

இரண்டு மாதம் கழித்து அப்பையை அவிழ்த்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். 1991-ம் வருஷத்து மருந்துச் சீட்டொன்றின் தலைப்பில், பெனிசிலின் ஒவ்வாது என்று சிவப்பு மையால் எழுதி இருமுறை அடிக்கோடும் இட்டிருந்தது. காகிதம் தொலைந்துபோகவில்லை. அன்றிரவு அந்த மேஜைமேலேயே அது கிடந்தது. நானூற்றுச் சொச்சம் காகிதங்களின் நடுவில் கிடந்தமையால் இல்லாததற்குச் சமானமாயிற்று. அக்குவியலில் வேறென்ன இருந்ததென்று கேட்பீராயின், சொல்ல வெட்கமாயிருக்கிறது. இருபது வருஷத்து மருந்துக்கடை ரசீதுகள். ஒரே இரத்தப் பரிசோதனைக்கு மூன்று ஜெராக்ஸ் பிரதிகள். யாருடைய முழங்காலென்று எவருக்கும் தெரியாத எக்ஸ்ரே படமொன்று. இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். ரேஷன் கார்டின் நகல். எமது கணக்கில், அவற்றுள் உண்மையில் வேண்டியவை பத்தொன்பதே.

காகிதத்தை எறியலாகாது என்பது நம்மவரிடம் வேரூன்றிய எண்ணம். எழுத்துள்ள தாளில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாம். அவ்வெண்ணம் தவறென்று யாம் சொல்லவில்லை. ஆயின் நம் முன்னோர் எழுத்தைக் கழிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தனர். பனையோலை செல்லரித்து ஒடியத் தொடங்கினால், முதலில் அதைப் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். பின்னரே பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவார்கள், அல்லது அக்கினிக்கு இடுவார்கள். பிற்காலத்தில் படியெடுப்பது மறந்துபோயிற்று. ஆற்றில் விடுவது மாத்திரம் நின்றது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழைய சுவடிகளெல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யப்பட்டன என்று கேட்டு மனம் பதைத்த செய்தியை எழுதியிருக்கிறார். சாஸ்திரத்தின் பின்பாதியை மாத்திரம் நிறைவேற்றியதன் பலன் அது. வைத்தியக் காகித விஷயத்தில் நாமோ முன்பாதியையும் செய்வதில்லை, பின்பாதியையும் செய்வதில்லை. படியெடுப்பதுமில்லை; கழிப்பதுமில்லை.

போகிப் பண்டிகை ஒன்று இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. அதன் பெயரால் நாம் செய்வது என்ன? பிளாஸ்டிக்கையும் டயரையும் பழம் பாயையும் ஒன்றாய்க் குவித்து விடியற்காலையில் கொளுத்துகிறோம். 2018-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி போகியன்று, அப்புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்து விமானங்கள் இறங்கவும் ஏறவும் இயலாமற்போயின. சில வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. அந்நெருப்பில் எக்ஸ்ரே படங்களை இடுவோரும் உளர். அப்படத்தின் அடித்தாள் பிளாஸ்டிக்; பழைய படங்களில் அதன்மேல் வெள்ளி படிந்திருக்கிறது. எரித்தால் நச்சுப் புகை. பழைய சாமான் கடைக்காரரிடம் கொடுத்தாலோ அவர் காசு கொடுத்து வாங்குவார், ஏனெனில் அவ்வெள்ளியைப் பிரித்தெடுப்போர் உண்டு. 1895-ம் வருஷம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்பவர் தம் மனைவியின் கையை முதன்முதலில் இக்கதிரால் படம்பிடித்தபோது, அப்படத்தின் சந்ததிகள் நம் கட்டிலுக்கடியில் இத்தனை காலம் வாசம் செய்யுமென்று கருதியிருக்கமாட்டார்.

கழிக்காமல் வைத்திருந்தோர் கதி 2015-ம் வருஷம் டிசம்பரில் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நமக்கு எட்டாத தூரமன்று. டிசம்பர் 1-ந் தேதி அவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை முழுதும் வெள்ளம் புகுந்தது. அநகாபுத்தூரில் வசிக்கும் எமது சம்பந்தி வீட்டில் கீழ்த்தளத்தில் ஓராள் உயரம் நீர் நின்றது. பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு முதலியவற்றை இழந்தோருக்கு அரசாங்கத்தார் சிறப்பு முகாம்கள் வைத்து மாற்றுப் பிரதிகள் கொடுத்தனர். வைத்தியக் காகிதத்திற்கு எந்த முகாமில் மாற்று வாங்குவது? சம்பந்தியம்மாளின் இருதய சிகிச்சைக் குறிப்புகள் யாவும், எதற்கும் உதவாத ரசீதுகளோடு ஒரே பெட்டியில் இருந்து ஒரே கூழாய்ப் போயின.

வைத்தியசாலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே எனின், அதற்கும் எல்லையுண்டு. 2002-ம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்கு விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாள்முதல் 3 வருஷம் டாக்டர் வைத்திருக்கவேண்டும். நோயாளியோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும். மூன்று வருஷத்திற்குப்பின் அங்கே இருந்தால் நமது அதிர்ஷ்டம். ஆகவே பழைய சிகிச்சைக்கு நம் கையிலுள்ளதே மூலப்பிரதி என்று கொள்க.

எவற்றை வைத்துக்கொள்வது? வைத்தியசாலையிலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி எத்தனை வருஷத்ததாயினும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு வேண்டும். தசையை எடுத்துச் சோதித்த பயாப்ஸி அறிக்கையை ஒருகாலும் எறியலாகாது. இருதயத்தில் ஸ்டென்டோ பேஸ்மேக்கரோ, கண்ணில் லென்ஸோ, முழங்காலில் செயற்கை மூட்டோ வைத்திருந்தால் அதற்குரிய அட்டையைப் பொன்போல் காக்கவேண்டும், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடலில் என்ன உலோகம் இருக்கிறதென்று கட்டாயம் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் பாலிஸியையும் வருஷாவருஷம் புதுப்பித்த ரசீதையும் சேர்த்துக் கட்டி வைக்க. 2024-ம் வருஷத்து விதிகளின்படி, தொடர்ந்து 60 மாதம் பாலிஸி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, முன்னோயை மறைத்தீர் என்று சொல்லிப் பணம் மறுக்க முடியாது. அந்தத் தொடர்ச்சிக்கு ரசீதே சாட்சி.

சர்க்கரை வியாதிக்காரர்களின் கட்டு எல்லாவற்றிலும் பெரியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையின் எண்ணைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாய் எழுதிவிட்டால், பத்து வருஷத்துக் காகிதங்கள் இரண்டு பக்கத்தில் அடங்கும். டாக்டருக்கும் ஏற்றமும் இறக்கமும் ஒரே பார்வையில் புலப்படும். சென்ற ஒரு வருஷத்து மூலங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கலாம்.

ஈ.ஸி.ஜி.யைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பெரும்பாலும் சூட்டினால் எழுத்துத் தோன்றும் காகிதம். வெறுமனே வைத்திருந்தால் சில வருஷத்தில் மங்கி வெண்தாளாகிவிடும். எமது நண்பரொருவர் இதைத் தடுக்கக் கருதி, லாமினேஷன் செய்யக் கொடுத்தார். யந்திரத்தின் உஷ்ணத்தில் அது அமாவாசை இரவைப்போல் முழுவதும் கறுத்து வெளிவந்தது. ஜெராக்ஸ் எடுத்து வைப்பதே சரி.

இவை யாவற்றுக்கும் மேலானது ஒற்றைத் தாள். இதையே யாம் படியெடுத்தல் என்கிறோம். ஒவ்வாத மருந்தைத் தலைப்பிலேயே சிவப்பில் எழுதுக. அதன்கீழ், பெயர், வயது, இரத்த வகை, நோய்களும் அவை கண்ட வருஷமும், நடந்த அறுவைச் சிகிச்சைகள், இப்போது உண்ணும் மருந்தும் அளவும், அவசரத்தில் யாரை அழைப்பது என்னும் விவரம். இதைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுக. ஒரு பிரதி சட்டைப்பையில். ஒரு புகைப்படம் மகன், மருமகள், மகள் ஆகியோரின் கைப்பேசியில். மருந்து மாறும்போது தாளும் மாறவேண்டும். தேதியிடாத தாள் ஆபத்து. 2021-ம் வருஷம் முதல் மத்திய அரசாங்கத்தார் தேசமெங்கும் அளித்துவரும் 14 இலக்க ஆரோக்கியக் கணக்கெண் உள்ளவர்கள் அதிலும் ஏற்றலாம். பழைய காகிதங்களை நாமேதான் ஏற்றவேண்டும். நள்ளிரவில் மின்சாரமும் இணையமும் இல்லாத வேளையில் அலமாரிக் கதவே கைகொடுக்கும் என்பது எமது பட்சம்.

கழிக்கும் காகிதங்களை அப்படியே எடைக்குப் போடாதீர்கள். பொட்டலமாய் மடித்த சுண்டலைத் தின்று முடித்தபின் யாம் விரித்துப் பார்த்ததில், இவ்வூர்ப் பெண்மணி ஒருவரின் கர்ப்பப் பரிசோதனை அறிக்கை, பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் சகிதமாய் இருந்தது. அச்சிட்ட காகிதத்தில் தின்பண்டம் மடிப்பது விதிப்படி கூடாதென்பது வேறு விஷயம். பெயருள்ள மேற்பகுதியைக் கிழித்து நீரில் ஊறவைத்துப் பிசைந்துவிட்டு மீதியை விற்கலாம். காலாவதியான மருந்து, இன்சுலின் ஊசி, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் முதலியவற்றை வீட்டு அபாயக் கழிவென்று 2016-ம் வருஷத்து விதிகளிலேயே பிரித்திருக்கிறார்கள். அவற்றைத் தனியே கட்டி, இன்னதென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கவேண்டும். ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் இடாமல் குப்பையில் போடுவது, அதைக் கையால் அள்ளுகிறவருக்குச் செய்யும் துரோகம்.

இனிப் பாத்திரபண்டங்கள். ஸ்வீடன் தேசத்தில் தோஸ்டேட்னிங் என்றொரு வழக்கம் உண்டாம். தாம் இறந்தபின் பிள்ளைகள் அல்லற்படாதிருக்கத் தம் சாமான்களைத் தாமே ஒழித்துவிடுவது. மார்கரெட்டா மாக்னுஸன் என்னும் அம்மையார் இதைப்பற்றி எழுதிய நூல் 2017-ல் வெளிவந்து பல தேசத்தாரும் படித்தனர். பெயரில் மரணம் இருப்பதால் நம் வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெயரை விடுங்கள், காரியத்தைப் பாருங்கள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் அடுக்குமாடியில் வசிக்கும் பிள்ளைகள் பித்தளை அண்டாவை எங்கே வைப்பார்கள்? சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் குடங்கள், பெயர் வெட்டியபடியே, புழங்கப்படாமல் பரணில் பளபளக்கின்றன. யாருக்கு எது வேண்டுமென்று நாம் இருக்கும்போதே கேட்டுக் கொடுத்துவிட்டால், கொடுக்கும் கை நம்முடையதாயிருக்கும். பிறகு நடக்கும் பாகப்பிரிவினைகளில் ஒரு குத்துவிளக்குக்காகச் சகோதரிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதை இச்சங்கமே பஞ்சாயத்துச் செய்திருக்கிறது.

அச்சடித்த பழைய பொருள்களில் மாத்திரம் அவசரம் வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீஸுகளையும்கூடச் சேர்த்தார். அவர் 1992-ல் காலஞ்சென்றபின் அச்சேகரமே 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. உங்கள் பரணில் நமது சங்கத்தின் பழைய மலர்கள் இருந்தால் எடைக்குப் போடுமுன் எமக்கு ஒருவார்த்தை சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி, நடைவண்டி, கழிப்பறை நாற்காலி, நீர்ப்படுக்கை ஆகியவை நோயாளி போனபின் மாடிப்படியின் கீழ் துருப்பிடிக்கின்றன. அதே தெருவில் இன்னொரு குடும்பம் அதையே வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கும். கூடத்தின் பின்னறையை இவற்றுக்கென ஒதுக்கக் காரியக் கமிட்டியார் இசைந்திருக்கிறார்கள். நம் குலத்தார்க்கு மாத்திரமென்ற கட்டுப்பாடு வைக்கவேண்டாமென்று கேட்டுக்கொண்டோம். நோய் அதைக் கேட்டு வருவதில்லை.

கடைசியாக எமது வீட்டுச் சங்கதி ஒன்று. எமது இல்லாள் காலஞ்சென்று ஆறு வருஷமாகிறது. மார்பில் கண்ட புற்றுநோய். அவள் சிகிச்சை பெற்ற 14 மாதத்துக் காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஊருக்கு உபதேசிக்கும் யாம் அதை மாத்திரம் திறக்கவில்லை. சென்ற ஆவணியில் மகள் வந்து, "என் டாக்டர் அம்மாவின் ரிப்போர்ட்டைக் கேட்கிறார் அப்பா; தாய்க்கு எந்த வயதில், எவ்வகையில் கண்டதென்று தெரிந்தால்தான் எனக்கு எப்போதிலிருந்து பரிசோதிக்கவேண்டுமென்று சொல்ல முடியுமாம்" என்றாள். அன்றைக்குத் திறந்தோம். பயாப்ஸி அறிக்கை அடியில் இருந்தது. மகளிடம் ஒரு பிரதி கொடுத்தோம். மற்றவற்றை இருவரும் உட்கார்ந்து இரண்டு பிற்பகலில் கழித்தோம். ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளின் பின்புறத்தில் அவள் தன் கையால் அவ்வாரத்து மளிகைக் கணக்கு எழுதியிருந்தாள். துவரம்பருப்பு, புளி, எமக்கு மூக்குப்பொடி. அத்தாள் இப்பொழுது வைத்தியக் கட்டில் இல்லை. எமது டயரியில் இருக்கிறது.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்கு இக்கூடத்தில் நமது வாலிபர்கள் நால்வர் ஜெராக்ஸ் யந்திரத்துடன் காத்திருப்பார்கள். பைகளைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவரலாம். நடமாட இயலாத பெரியோர் சொல்லியனுப்பினால் வீட்டிற்கே வருவார்கள். முதல் பை காரியதரிசி அவர்களுடையதென்று அவரே இப்பொழுது ஒப்புக்கொண்டிருக்கிறார்.