கொத்தனாருக்கும் ஒரு பொன்னாடை

 

பழம்பெரும் கட்டடங்களைக் காப்பது பற்றி நம் சங்கத்தில் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். விருந்தும் விருதும் கூடியிருக்கும் மாலை இது. ஆகவே இன்னொரு விருந்தில் தரப்பட்ட விருதிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அறக்கட்டளை வேர்ல்டு மான்யுமென்ட்ஸ் ஃபண்ட். 1965இல் பிறந்தது. எத்தியோப்பியாவில் லாலிபெலாவின் குடைவரைத் தேவாலயங்களைக் காப்பது அது முதலில் எடுத்துக்கொண்ட பணிகளில் ஒன்று. 1988 முதல், ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் பெயரால் ஒரு விருது தருகிறது. மரபைக் காக்கப் பெரும்பணி செய்தவர்களை அழைத்து, விருந்து வைத்துச் சிறப்பிக்கிறது.

1996இல் அந்த விருதைப் பெற்றவர் இஸ்மாயிலி முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவர் நான்காம் ஆகா கான். 2025 பிப்ரவரியில் லிஸ்பன் நகரில் காலமானார். விருது வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. நான் பேச வந்தது அதற்குப் பிறகு அவருடைய அறக்கட்டளை செய்ததைப் பற்றித்தான்.

இந்தியா விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டில், தில்லி ஹுமாயூன் கல்லறையின் தோட்டத்தைச் சீரமைத்துத் தர அவர் முன்வந்தார். 2003இல் தோட்டத்தின் கால்வாய்களில் மீண்டும் தண்ணீர் ஓடியது. பிறகு இந்தியத் தொல்லியல் துறையோடும் டாட்டா அறக்கட்டளையோடும் சேர்ந்து கல்லறைக் கட்டடத்திலேயே பணியைத் தொடங்கி, 2013இல் நிறைவேற்றியது அவருடைய அறக்கட்டளை.

அந்தக் கட்டடத்தின் பெரிய நோய் எது தெரியுமா? சென்ற நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு போட்ட சிமென்ட். கூரையின் மேல் கான்கிரீட்டை அடுக்கடுக்காகக் கொட்டியிருந்தார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடம் மூச்சுவிடும். உள்ளே இறங்கிய ஈரம் தானே வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தக் கூரையிலிருந்து மட்டும் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டை, கட்டடம் அதிராதபடி கையாலேயே கொத்தி எடுத்தார்கள். மேலே உள்ள சிறு மண்டபங்களின் ஓடுகளைத் திரும்பச் செய்ய, உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். பக்கத்து நிஜாமுதீன் குடியிருப்பின் இளைஞர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள். அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மேம்பட்டன. பெண்கள் சுயஉதவிக் குழு அமைத்து, தங்கள் வீட்டுச் சமையலை விற்று வருமானம் பார்க்கிறார்கள். கல்லறையைக் காத்த கை, அதன் நிழலில் வாழ்ந்தவர்களையும் தூக்கிவிட்டது.

கெய்ரோவிலும் இதே முறைதான். 500 ஆண்டுகளாகக் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த மேட்டில் 30 ஹெக்டேர் பரப்பில் அல்-அஸ்ஹர் பூங்காவை அமைத்தார்கள். மண்ணைத் தோண்டும்போது 12ஆம் நூற்றாண்டின் நகரச் சுவர் வெளிப்பட்டது. சுவரை ஒட்டியிருந்த ஏழைக் குடியிருப்பான தர்ப் அல்-அஹ்மரில் வீடுகளைப் பழுதுபார்க்கவும் தொழில் தொடங்கவும் உதவி கிடைத்தது.

ஆகா கான் 1977இல் நிறுவிய கட்டடக்கலை விருதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை தரப்படும் அந்த விருதில், கட்டடக் கலைஞர் ஒருவருக்கே பரிசு முழுவதும் போவதில்லை. கட்டச் சொன்னவர், பொறியாளர், தலைமைக் கொத்தனார் என்று அந்தக் கட்டடம் எழக் காரணமானவர்கள் பலருக்கும் பங்கு உண்டு. இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டுமா?

அன்பர்களே, இது கடல் கடந்து வாழும் நமக்கும் நேராக வந்து சேரும் செய்தி. சொந்த ஊர்க் கோயிலில் திருப்பணி என்று சொன்னால் இந்த அவையில் கொடுக்காதவர் யார்? கொடுக்கிறோம், மனநிறைவோடு கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பணம் என்ன ஆகிறது என்று கேட்கிறோமா? எத்தனையோ கோயில்களில் கல்தூண்மீது மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்கள். சிற்பத்தின் மூக்கும் நகையும், கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிப் போயின. சுதை வேலைப்பாட்டின்மேல் சிமென்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். நாம் கொடுத்த காசும் அதில் கலந்திருக்கிறது.

சரியாகச் செய்யவும் நம்மிடம் வழி இருக்கிறது. திருவரங்கம் கோயிலின் திருப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பக்குவம் பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுச் சுவர்களுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல மின்னச் செய்வதும் அந்தக் கைகள்தான். கலவை பதமாகிவிட்டதா என்பதை அளவுகோலால் சொல்ல முடியாது. கரணையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அப்பாவிடம் பார்த்துப் பிள்ளை கற்கும் தொழில் இது. பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பதம் அப்பாவோடு போய்விடும்.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இனி எந்தத் திருப்பணிக்குக் கொடுத்தாலும், "சுண்ணாம்பா, சிமென்டா? வேலையைப் பார்ப்பவர் யார்?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். இரண்டாவது, மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும், கொத்தனார்களிடம் சுண்ணாம்பு வேலை பழகும் இளைஞர்களுக்கும் சங்கத்தின் பேரில் உதவித்தொகை ஏற்படுத்துவோம். மூன்றாவது, ஆண்டுதோறும் இந்த மேடையில் கலைஞர்களுக்கும் புரவலர்களுக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். அந்த வரிசையில் ஊரிலிருந்து ஒரு ஸ்தபதியை, ஒரு சுதைக் கலைஞரை, ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரை அழைத்து, பயணச்செலவை நாமே ஏற்று, நடு நாற்காலியில் உட்கார வைப்போம்.

தாம் செய்யும் வேலைக்குக் கடல் கடந்தும் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால், அந்தக் கலைஞர் தம் பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பார். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.