பீனிக்ஸ்: சிக்கனத்தில் தொடங்கிய சம்பள ஒப்பந்தம்

கனடாவின் மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போடப் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் பீனிக்ஸ். அது நடைமுறைக்கு வந்தபோது ஏறக்குறைய 2,90,000 பேரின் சம்பளம் அதை நம்பி இருந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குச் சொல்லித் தொடங்கிய திட்டம் அது. 2018இல் கனடா செனட்டின் நிதிக்குழு வேறொரு கணக்கை முன்வைத்தது: 2023க்குள் இதற்கு 220 கோடி டாலர் வரை செலவாகலாம். பின்வந்த ஆண்டுகளில் செலவு அந்த மதிப்பீட்டையும் தாண்டிப் போனது. மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் இத்தனை கோடி எப்படிக் கரைந்தது என்பது, மக்கள் வரிப்பணத்தில் நீண்டகால மென்பொருள் ஒப்பந்தம் போடும் எந்த அரசும் படித்துப் பார்க்க வேண்டிய வரலாறு.

சம்பளம் போடுவது வெளியிலிருந்து பார்த்தால் எளிய வேலை. உள்ளே போனால்தான் தெரியும். கனடாவின் மத்திய அரசில் 100க்கும் மேற்பட்ட துறைகள். 105 தொழிற்சங்க ஒப்பந்தங்கள். அவற்றிலிருந்து பிறந்த சம்பள விதிகள் 80,000க்கும் மேல். சிறைக் காவலருக்கு இரவுப் பணிக்கு ஒரு விதி, கடலோரக் காவல் கப்பலில் போகிறவருக்கு இன்னொரு விதி. பழைய கணினி அமைப்புக்கு வயது 40. அது தேய்ந்துபோனது உண்மைதான். ஆனாலும் சம்பளம் தவறாமல் வந்தது. காரணம், ஒவ்வொரு துறையிலும் சம்பளப் பிரிவில் இருந்த அனுபவசாலிகள். எந்த விதி எங்கே பொருந்தும், பழைய கணினி எந்த இடத்தில் தடுமாறும், அதைக் கையால் எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை.

2009இல் அரசு வகுத்த திட்டத்துக்கு இரண்டு கைகள். ஒன்று, புதிய மென்பொருள். மற்றொன்று, 46 துறைகளின் சம்பளப் பணியை நியூ பிரன்சுவிக் மாகாணத்து மிராமிச்சி என்ற சிறு நகரத்தில் ஒரே மையமாகக் குவிப்பது. துறைகளில் இருந்த சுமார் 1,200 பணியிடங்கள் நீக்கப்பட்டன. மிராமிச்சியில் ஏற்பட்டவை 550. அங்கே வேலைக்கு வந்தவர்களில் மிகப் பலர் புதியவர்கள். மென்பொருள் ஓடத் தொடங்கும் முன்பே, அதற்கு விதிகளைச் சொல்லித்தரக்கூடியவர்கள் வெளியே போய்விட்டார்கள். இந்தத் திட்டத்தில் நடந்த பிழைகளிலேயே ஆகப் பெரியது இதுதான்.

மொத்த ஒதுக்கீடு 31 கோடி டாலர். அதில் மென்பொருளை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவர 15.5 கோடி. 2011இல் ஐபிஎம் நிறுவனத்துக்குப் பணி கொடுக்கப்பட்டது. பீப்பிள்சாஃப்ட் என்ற ஆயத்த மென்பொருளைக் கனடாவின் விதிகளுக்கு ஏற்ப மாற்றுவது வேலை. 200க்கும் மேற்பட்ட தனி நிரல்களை அதோடு சேர்க்க வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தின் தொடக்க மதிப்பு 57 லட்சம் டாலர். திருத்தத்துக்கு மேல் திருத்தமாகச் சேர்ந்து அது 18 கோடியைக் கடந்தது. இத்தகைய ஒப்பந்தங்களின் இயல்பே இப்படித்தான். முதல் கையெழுத்தின்போது தெரிகிற தொகை நுழைவுக் கட்டணம் மாதிரி. பிறகு ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைக்கும் தனி விலை. அதற்குள் அரசு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாத இடத்துக்கு வந்துவிட்டிருக்கும்.

திருப்பம் 2012இல் வந்தது. வேலையை முடிக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று ஐபிஎம் சொன்னது. கையில் இருந்ததோ 15.5 கோடி. பொறுப்பான கொள்முதல் துறைக்கு நேர்மையான வழி ஒன்று இருந்தது: செலவுக்கு ஒப்புதல் தரும் கருவூல வாரியத்திடம் போய், தொகை போதாது என்று சொல்வது. துறையின் அதிகாரிகள் அதைச் செய்யவில்லை. தொகைக்கு ஏற்ப வேலையை வெட்டினார்கள். திட்டமிட்டிருந்த 984 செயல்பாடுகளில் 100க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன அல்லது தள்ளிப்போடப்பட்டன. முன்னோட்டமாக ஒரு துறையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் கைவிடப்பட்டது.

வெட்டியவற்றில் ஒன்று, முன்தேதியிட்டு நிலுவைச் சம்பளம் கணக்கிடும் வசதி. எடுத்துக்காட்டாக, ஒரு மேலாளர் ஆறு வாரம் விடுப்பில் போகிறார். கீழே இருப்பவர் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறார். அதற்கான உத்தரவுத் தாள் மேசை மேசையாக நகர்ந்து, சம்பளப் பிரிவுக்கு வந்து சேரும்போது அந்த ஆறு வாரமும் முடிந்திருக்கும். எந்த அரசு அலுவலகத்திலும் நடைமுறை இதுதான். ஆகவே கூடுதல் சம்பளம் எப்போதும் நிலுவையாகத்தான் கணக்கிடப்படும். தினமும் வருகிற இந்த வேலையைச் செய்யத் தெரியாத ஒரு மென்பொருளைத் தயாராகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

2016 பிப்ரவரி 24 அன்று முதல் கட்டமாக 34 துறைகள், ஏப்ரல் 21 அன்று மீதமுள்ள 67 துறைகள் பீனிக்ஸுக்கு மாறின. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது. 2017 ஜூன் முடிவில் 1,50,000க்கும் மேற்பட்டவர்களின் சம்பளத்தில் பிழை இருந்ததாகவும், பிழைகளின் மதிப்பு 50 கோடி டாலருக்கு மேல் என்றும் தலைமைத் தணிக்கையாளர் கண்டறிந்தார். 2018 தொடக்கத்தில் மிராமிச்சியில் தேங்கிய கோரிக்கைகள் 3,84,000.

அதிகமாக வாங்கியவர்கள் பாடும் எளிதாக இல்லை. கைக்கு வந்தது வரி பிடித்த தொகை. ஆண்டு கடந்துவிட்டால் திருப்பிக் கட்டச் சொன்னது வரிக்கு முந்தைய முழுத் தொகை. தன் கையைத் தொடாத பணத்தை ஊழியர் முதலில் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு வரித்துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2019இல் வரிச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018இல் அளித்த அறிக்கை கடுமையானது. திட்டத்தை நடத்திய உயர் அதிகாரிகள், மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, தொகையும் தேதியும் மீறாமல் இருப்பதையே பெரிதாகக் கருதினார்கள் என்பது அதன் சாரம். தயாராக இல்லை, நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரமுள்ள, திட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒருவர் அங்கே இல்லை.

எச்சரிக்கை இல்லாமல் நேர்ந்த விபத்து என்று இதைச் சொல்லவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சுகாதாரத் துறையின் சம்பள மென்பொருள் 2010 மார்ச்சில் இதேபோல விழுந்தது. அங்கும் ஒப்பந்ததாரர் ஐபிஎம். 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவில் தொடங்கிய பணி, 120 கோடி டாலர் சுமையாக மதிப்பிடப்பட்டது. 2013இல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. பீனிக்ஸ் தொடங்க இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. குயின்ஸ்லாந்து அரசு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றது. 2010இல் போட்ட சமரச உடன்படிக்கையில், நிறுவனத்தின் மீது இனி உரிமை கோருவதில்லை என்று அரசே கையெழுத்திட்டிருந்ததை 2015இல் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. செவிலியர்களுக்குச் சம்பளம் நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், மென்பொருளை ஓட்டத் தெரிந்த ஒரே தரப்பிடம் அரசு பேரம் பேச வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருக்கிறவர் கையெழுத்துப் போடும் தாளில் மக்களுக்குச் சாதகமான வரி அதிகம் இருக்காது.

கனடாவிலும் வடிவமைப்பு, சோதனை, தொடங்கும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அரசிடமே இருந்தது. அதனால் இழப்பும் அரசின் தலையில் விழுந்தது. பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்குச் சங்கங்களோடு பேசி இழப்பீடாக விடுப்பும், ஒரு பெரிய சங்கத்தினருக்கு 2,500 டாலர் வரை பணமும் தரப்பட்டன.

பீனிக்ஸுக்கு மாற்றாக டேஃபோர்ஸ் நிறுவனத்தோடு 2025இல் பத்தாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மதிப்பு சுமார் 35 கோடி டாலர். இம்முறை பழைய பிழைகள் திரும்பக் கூடாது என்றால், எல்லாத் துறைகளும் ஒரே நாளில் மாறக் கூடாது. பழையதும் புதியதும் சில காலம் பக்கம் பக்கமாக ஓடி, இரண்டும் போடுகிற சம்பளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்பட வேண்டும். தேங்கிய பழைய கோப்புகள் தீராமல் புதியதற்குள் போனால், பிழையும் கூடவே போகும். 80,000 விதிகளில் எவற்றைச் சங்கங்களோடு பேசிக் குறைக்கலாம் என்ற உழைப்பு, எந்த நிரலையும்விட அதிகப் பணத்தை மிச்சமாக்கும். அதைச் செய்ய விதிகள் தெரிந்தவர்கள் அரசின் சம்பளப் பட்டியலில் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் தரவுகளும், நிரல் விளக்கங்களும், பயிற்சிக் குறிப்புகளும் கூடுதல் கட்டணமின்றி அரசின் கைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை, கையெழுத்துக்கு முந்தைய பேச்சிலேயே இடம்பெற வேண்டியது. கையெழுத்தான பிறகு அதைக் கேட்டால், அதுவும் விலை போட்ட இன்னொரு மாற்றக் கோரிக்கையாகத்தான் வந்து நிற்கும்.