மங்கலான கார் விளக்குக்குப் பெரிய பல்பு மருந்தல்ல
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் வருகிறது. கத்திப்பாராவில் மாலை மழையில் நீங்கள் பிரேக் பிடிப்பதைப் பின்னால் வரும் பஸ்ஸுக்குச் சொல்வது ஒரு சிறிய பல்புதான். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

கார் பேட்டரி 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். 5 வாட் பார்க்கிங் பல்புக்கு 0.42 ஆம்பியர், சுமார் 29 ஓம். 21 வாட் பிரேக் பல்புக்கு 1.75 ஆம்பியர், சுமார் 7 ஓம். 60 வாட் ஹெட்லைட்டுக்கு 5 ஆம்பியர், 2.4 ஓம். கவனியுங்கள், வாட் கூடக் கூட மின்தடை குறைகிறது.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பிரேக் பல்பு 7 ஓம் காட்டாது, ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். பல்பில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகுதான் அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. போட்ட நொடியில் பாயும் இந்த அதிக மின்சாரத்தால்தான் பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போகிறது.

தடை பல்புக்குள் இருக்க வேண்டும், ஹோல்டரில் இருக்கக் கூடாது. மழை ஈரத்தில் ஹோல்டரிலோ எர்த் வயரிலோ துரு ஏறி 1 ஓம் சேர்ந்தால், பிரேக் பல்புக்குச் சேர வேண்டியதில் சுமார் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இதற்கு மருந்து, உப்புத்தாள் வைத்து ஹோல்டரைச் சுத்தம் செய்வது. ஆனால் ஹெட்லைட் மங்கினால் பலர் 60 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் மாட்டுகிறார்கள். மின்சாரம் 5 ஆம்பியரிலிருந்து 8.3 ஆகிறது. வயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது சுமார் 2.8 மடங்காகிவிடும். பியூஸ் தாங்கினாலும் ஹோல்டர் உருகலாம். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. மேலே நாம் தூங்குகிறோம்.

ஆகவே பழைய பல்பில் உள்ள அதே வாட்டையே வாங்குங்கள். இன்றிரவு காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரு பக்கமும் சிவப்பு ஒரே அளவில் விழ வேண்டும். ஒரு பக்கம் மங்கினால் முதலில் ஹோல்டரைத் திறந்து பாருங்கள்.