‘இரண்டு தரப்பும் எங்களுக்குச் சமம்’ என்கிற மேலாளருக்கு

(புளியஞ்சோலையில் நடந்த தொழிலாளர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேலே கொல்லிமலையிலிருந்தும், கீழே உப்பிலியபுரம், துறையூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். மில்லுக்கும் தையல் கம்பெனிக்கும் போகிற பெண்கள்தான் அதிகம். சூப்பர்வைசர், மேலாளர் பொறுப்பில் இருக்கிற சிலரும் பின்வரிசையில் இருக்கிறார்கள். இன்றைக்கு என் பேச்சு பெரும்பாலும் அந்தப் பின்வரிசையோடுதான்.

ஒரு பெண் புகாரோடு வந்தால், “எங்களுக்கு இரண்டு தரப்பும் சமம்” என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய டார்கெட், ஓவர்டைம், லீவு எல்லாம் அவன் கையில். அவன் ஊர்த்தெரு, அவள் காலனி, இல்லையென்றால் மலை. விசாரிக்க உட்காருகிறவர்களும் பெரும்பாலும் அவன் தெருக்காரர்கள். இதில் எங்கே இருக்கிறது சமம்?

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலை. அங்கே வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பல மாதங்களாகவே தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தாரும் சங்கமும் சொன்னார்கள். தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் டி.டி.சி.யு. சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என அந்தத் துணியை வாங்குகிற கம்பெனிகளும் கட்டுப்பட வேண்டியதாயிற்று. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதைத்தான் சொல்கிறோம்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. பாலியல் தொந்தரவையும் சாதிப் பாகுபாட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் வைத்துத் தடை செய்தார்கள். அடுத்தது, 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகார் சொல்ல எச்.ஆர். அறைக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பக்கத்து மெஷினில் இருக்கிற பெண்ணிடம் சொன்னால் போதும். முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, 182 தீர்ந்தன. புகார் வராத கம்பெனிதான் நல்ல கம்பெனி என்று முதலாளியிடம் கணக்குக் காட்டுகிற மேலாளர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். ராஜஸ்தானில் 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். 1995இல் கீழ்நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. அந்தக் கொடுமையையொட்டிப் போடப்பட்ட வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு, பிறகு 2013இல் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம். மாவட்ட அளவிலான குழுவில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனிக்குள் இருக்கும் உள்ளகக் குழுவுக்கு அந்த நிபந்தனை இல்லை. வைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லையே! தலித் பெண்ணையும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணையும் குழுவில் உட்கார வையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

“பேசி முடிச்சிடலாம்மா, குடும்பப் பேரு கெடும்.” இதை நான் எத்தனையோ அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். சமரசம் வேண்டுமென்றால் அந்தப் பெண்தான் கேட்க வேண்டும். அப்போதும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. மேலாளர் வற்புறுத்தினால் அது கட்டப்பஞ்சாயத்து.

அடுத்து, இடமாற்றம். பாதுகாப்பு என்ற பெயரில் அவளை ராத்திரி ஷிப்டுக்கோ வேறு யூனிட்டுக்கோ தூக்கிப் போடுகிறீர்கள். யாரை மாற்றினாலும் அது அவள் எழுதிக் கேட்டதன்மேல் நடக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கவும் வழி இருக்கிறது.

புகாருக்கு ஆளானவருக்கும் நியாயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். புகாரின் நகல் ஏழு வேலை நாளில் அவர் கைக்குப் போக வேண்டும், பதில் சொல்லப் பத்து வேலை நாள், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அவர் பெயரும் அவள் பெயரும் கேன்டீனுக்குப் போகக் கூடாது. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

பலர் மறைப்பது இன்னொன்று. பெண் எஸ்.சி. அல்லது எஸ்.டி., ஆண் அப்படி இல்லை என்றால், அது தெரிந்தே அவர் பாலியல் நோக்கில் தொட்டதோ பேசியதோ வன்கொடுமை தடுப்புச் சட்டத்திலும் குற்றம். 2015 திருத்தத்தில் வந்தது. அவள் காவல் நிலையம் போக விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் கடமை. “முதலில் கமிட்டி முடியட்டும்” என்று தடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

கடைசியாக, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்கள். இங்கே அருவிக்கு வருகிறவர்களை நம்பி இருக்கிற கடைகள், தங்கும் விடுதிகள், மேலே மிளகுத் தோட்டங்கள். அங்கெல்லாம் உள்ளகக் குழு இருக்காது. புகார் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். வேலை செய்த இடம் இந்தப் புளியஞ்சோலை என்றால் திருச்சி, மலைக்கு மேலே என்றால் நாமக்கல். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். எழுதத் தெரியாது என்றால் எழுதித் தர வேண்டியது குழுவின் வேலை.

இனி கேள்விகள். பெண் தோழர்கள் முதலில் கேளுங்கள், பின்வரிசை அப்புறம்.