கஞ்சி, துவையல், ஒரு பொய்

இன்னைக்குச் சின்ன எபிசோட்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி, செங்கல்பட்டுல என் ரூம்ல இருந்து பேசறேன். பக்கத்துல காலிக் கஞ்சிக் கிண்ணம்.

இப்போ தவக்காலம். திருநீற்றுப் புதன்ல ஆரம்பிச்சு ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணினா 46 நாள் வரும். ஆறு ஞாயிறைக் கழிச்சா 40. சின்ன வயசுல, யாரோ தப்பா எண்ணிட்டாங்கன்னு நினைச்சிருக்கேன்.

கத்தோலிக்கத் திருச்சபை ஒழுங்குப்படி, 14 வயசு முடிஞ்சவங்க தவக்கால வெள்ளிக்கிழமைகள்ல இறைச்சி சாப்பிடக் கூடாது. இதுக்குப் பழைய பேர் சுத்தபோசனம். ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடுன்னா, அது ஒருசந்தி. மீனுக்குத் தடை இல்ல.

போன வாரம் டீமோட மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கடையில மசாலா தடவின வஞ்சரம் கல்லுல பொரியுது. "டேய், மீன் ஓகேதானே?"ன்னு ஃபிரெண்ட் கேட்டான். ரூல்படி ஓகே. ஆனா எங்க வீடு கோவளத்துல. அம்மா சொல்லுவாங்க: "நமக்கு மீனுதான்டா விருந்து. விருந்தை விடாம என்ன தவம்?" கறியை விருந்தா நினைச்ச ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தும். கடலோரத்துல அது சலுகை ஆயிடுது. அதனால எங்க வீட்டுல 40 நாளும் மீனும் கிடையாது.

இப்போ ஒரு விஷயம் ஒத்துக்கணும். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ரிலீஸ் நைட். ஆபீஸ்ல பிரியாணி வந்துச்சு, சாப்பிட்டேன். அப்பதான் அம்மா போன். "சாப்டியா கண்ணு?" "ரசம் சோறும்மா"ன்னுட்டேன். பிரியாணி அன்னைக்கே செரிச்சுடுச்சு. அந்த ரசம் மட்டும் ஒரு வருஷமா தொண்டையில நிக்குது.

இன்னைக்கு ஒரு டம்ளர் நொய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நாலு பல்லு பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஆறு டம்ளர் தண்ணி. குக்கர்ல நாலு விசில். தேங்காய், காய்ஞ்ச மிளகாய், புளி, உப்பு வெச்சுக் கெட்டியா துவையல். அப்பளத்தை நேரா தணல்ல சுட்டேன். போனைக் கவுத்து வெச்சுட்டு, தரையில உக்காந்து குடிச்சேன். தூரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் சத்தம். மூணாவது கரண்டியில ஒரு சந்தேகம்: இவ்ளோ ருசியா இருந்தா, இது தவமா?

அம்மாவுக்கே போன் போட்டேன். சந்தேகத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பிரியாணிக் கதையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"பிரியாணி தின்னதை விடு. பொய் சொன்னதுக்கு ஒரு நாள் ஒருசந்தி இரு."

"சரிம்மா. ஆனா கஞ்சி ரொம்ப நல்லாருக்கும்மா. இது தப்பா?"

"நல்லாருந்தா சந்தோஷமா குடிடா. மிச்சமாகுற காசை யாருக்குக் குடுக்கப் போற, அதை யோசி." அப்புறம், "துவையலுக்குப் பெருங்காயம் போட்டியா?"

போடல. மறந்துட்டேன்.

புனித வெள்ளி அன்னைக்குப் பல கோவில்கள்ல எல்லாருக்கும் கஞ்சி ஊத்துவாங்க. நான் வெள்ளிக்கிழமை ஆர்டர் பண்ணாத பிரியாணிக் காசெல்லாம் இப்போ ஒரு ஊறுகாய் பாட்டில்ல சேருது. அது எங்க ஊர்க் கஞ்சிக்கு அரிசியா போகும். ஒருசந்தி, வர்ற புதன்கிழமை.

நீங்க தனியா இருக்கும்போது உங்களைத் தேத்துற சாப்பாடு எது? வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.