நம் வீடே நம் ஒலிப்பதிவுக் கூடம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே, கணிப்பொறியில் இசையைப் பதிவு செய்யும் முறைபற்றிப் பேசுவதேன் எனச் சிலர் ஐயுறலாம். 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம் கருத்தை நாமே அச்சேற்ற வேண்டும் என்பதை அப்பெரியோர் செயலிலே காட்டினர். எழுத்துக்குப் பொருந்திய அவ்வுண்மை ஒலிக்கும் பொருந்தும்.

நம் மூதாட்டியர் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் வெளியூரார் வந்து ஒலிநாடாவில் பதிந்து சென்றதை நாம் கண்டிருக்கிறோம். பாடியவர் பெயர் எங்கும் இடம்பெறவில்லை; ஒரு படியேனும் அவர் வீடு வந்து சேரவில்லை. அம்மூதாட்டியருள் பலர் இன்று இல்லை. அக்குரலை அவர்தம் பேரப்பிள்ளைகள் கேட்க வழியும் இல்லை. இக்குறை இனி நேரலாகாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ? வேண்டுவதில்லை. 8 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கணிப்பொறியே போதும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. பணம் செலவிட வேண்டியவை இரண்டு: ஒன்று மைக், மற்றொன்று, மைக் தரும் மின்னலையை எண்களாக்கிக் கணிப்பொறிக்குள் அனுப்பும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்னும் சிறு பெட்டி.

இரைச்சல் மிகுந்த வீட்டுக்கும் பறைக்கும் டைனமிக் வகை மைக்கே ஏற்றது. கண்டென்சர் வகை நுண்ணொலியையும் விடாது பற்றும். ஆதலின் தெருவோசையும் உடன் புகுந்துவிடும். அதற்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தமும் தரல் வேண்டும்.

கணிப்பொறி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. குறுந்தகட்டின் கணக்கு 44,100 முறை, 16 பிட். நாம் 48,000 முறை, 24 பிட் எனக் கொள்வோம். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 எம்.பி. இடங்கொள்ளும்.

வெறுஞ்சுவர் எதிரொலிக்கும், ஆகவே போர்வைகளைக் கொடியிலே தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பாடுவோர்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். பறைக்கு மூன்று நான்கு அடி வேண்டும். பறையைத் தீயிற் காய்ச்சியபின், மிக வலிய அடியை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். அவ்வடி -12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு பெட்டியின் திருகைத் திருப்பி வையுங்கள். அளவுமானி சுழியத்தைத் தொடின் ஒலியலையின் தலை வெட்டுண்டுபோம். அதனைப் பின்னர்ச் செவ்வனே மீட்டல் அரிது. மெல்லப் பதிந்ததையோ பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

மூலப்பதிவை 'வேவ்' கோப்பாகவே காத்தல் வேண்டும். 'எம்பி3' ஒலியின் சில பகுதிகளை நீக்கியே சுருக்குகிறது. அது பிறர்க்கு அனுப்ப மட்டுமே. மூலப்பதிவின் படிகள் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும்.

தோழர்களே! கருவியினும் பெரிது ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவைத் தயாரித்தவரையே அதன் ஆசிரியராகக் கொள்கிறது. பாடுவோர்க்கும் இசைப்போர்க்கும் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது 1994ஆம் ஆண்டுத் திருத்தமே. ஆகவே பதிவு செய்யும் நாமும் அவ்வெளியூராரைப் போல் ஆகிவிடலாகாது. பாடுவோரின் இசைவைப் பெறுங்கள். அவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே பதிவின் தொடக்கத்திற் சொல்லச் செய்யுங்கள். முதற்படியை அவரிடமே கொடுங்கள்.

இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே ஒவ்வோர் இளைஞரும் தம் வீட்டு முதியோர் ஒருவர் குரலையேனும் பதிவு செய்ய வேண்டுகிறோம். முதியோர் நமக்காகக் காத்திருக்கலாம், காலம் காத்திராது.