தெளிந்த நீரும் தூய நீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் குடிநீரைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். இது பொருத்தமற்ற பணியன்று. கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தவர் வள்ளுவப் பெருந்தகை. நாற்புறமும் உப்புக் கடல் சூழ அந்தமானில் வாழும் நமக்கு அவ்வரிசையின் அருமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. எனினும் தை முதல் சித்திரை வரை குடமும் வாளியுமாகக் குழாயடியில் காத்து நிற்கிறோம். சரிவான நிலத்தில் விழும் மழை விரைந்தோடிக் கடலிற் கலந்துவிடுகிறது. முன்னாளில் போர்ட் பிளேயர் மக்களுக்கு நீர் தந்தது டில்தாமன் டாங்கு. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பூண்ட அந்நகருக்கு இன்று பெருந்துணை தானிக்காரி அணை. ஆகவே நம் கவலையெல்லாம் "நீர் வருமா?" என்பதோடு நின்றுவிடுகிறது. "வந்த நீர் எத்தகையது?" என்னும் வினாவை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கலங்கிய நீரைக் கண்ணே காட்டிக் கொடுக்கும். நம் பாட்டிமார் மட்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளிய வைத்தனர். சுத்திகரிப்பு நிலையத்தில் அதே பணியைப் படிகாரம் செய்கிறது. நுண்துகள்கள் திரண்டு அடியிற் படிகின்றன. மேல்நீர் மணலின் வழியே வடிகிறது. பின்னர்க் குளோரின் சேர்ந்து நோய்க்கிருமிகளை மாய்க்கிறது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் குடிநீருக்கு இடைவிடாது குளோரின் இடத் தொடங்கினர். அம்முறை பரவிய இடமெங்கும் காலராவும் டைபாய்டும் பின்வாங்கின. குளோரின் மனித குலத்துக்குச் செய்த நன்மை பெரிது.

ஆயினும் 1974-இல் ஆலந்து நாட்டு ராட்டர்டாம் நகர நீர் நிலையத்தைச் சேர்ந்த ரூக் என்னும் இரசாயன அறிஞர் புதியதோர் உண்மையை வெளியிட்டார். குளோரின் இடுவதற்கு முன் நீரில் இல்லாத குளோரோபாரம், இட்ட பின் தோன்றியிருந்தது! அஃது ஆலைக் கழிவன்று. இலையும் சருகும் மக்கி நீரிற் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் கூடியதால் விளைந்தது. கடல்நீரில் உள்ள புரோமைடும் சிறிது கலந்திருப்பின் புரோமோபாரம் முதலிய உறவினரும் உடன் தோன்றுவர். இந்நால்வர் குடும்பத்துக்கு டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். மிகுந்த அளவில் குளோரோபாரம் ஊட்டப்பெற்ற எலிகளுக்குப் புற்றுநோய் கண்டமை 1976-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1979-இல் அந்நாடு இவற்றுக்கு வரம்பு வகுத்தது.

"நம் தீவில் பெரிய ஆலைகள் இல்லை, ஆகவே நீரில் மாசு இல்லை" என்று எண்ணுவோர் உளர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நாம் பெருமை கொள்ளும் பசுங்காடே அக்கரிமப் பொருளைத் தருகிறது. கோடையில் குவிந்த சருகை வைகாசியின் முதல் மழை அடித்துக்கொண்டு வரும். ஓடைநீர் தேயிலைச் சாயம் போல் நிறம் மாறும். கரையோரக் கிணறுகளிற் கடல்நீர் கசிந்தால் புரோமைடும் சேரும்.

இந்திய நியமம், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு லிட்டர் நீரில் குளோரோபாரம் 0.2 மில்லிகிராமும், புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06 மில்லிகிராமும், ஏனைய இரண்டும் தனித்தனி 0.1 மில்லிகிராமும் மிகலாகாது என்கிறது. ஆராய்ச்சிச்சாலையோ இதனினும் நுணுகி, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவையும் காணவல்லது. அஃது 50,000 லிட்டர் தொட்டியில் ஒரு சொட்டு விட்டாற் போன்றது. கண்ணும் நாவும் அங்கே பயன்படா; வாயுப் பிரிகைக் கருவியே வேண்டும்.

மாதிரி எடுப்பதும் ஒரு கலை. இப்பொருள்கள் காற்றிற் பறந்துவிடும் இயல்பின. ஆதலால் ஒரு குமிழியும் இன்றிக் கண்ணாடிப் புட்டியை நிரப்பி மூடவேண்டும். எஞ்சிய குளோரினைத் தணிக்கும் மருந்திட்டுக் குளிரில் வைக்கவேண்டும். மாதிரி கப்பலேறி மெயின்லாண்டு செல்ல நேரின், இவ்விழிப்பு இருமடங்கு வேண்டும். குழாயினுள்ளும் இவ்வினை தொடர்ந்து நடப்பதால், நிலையத்து வாயிலில் மட்டுமன்றிக் கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் மாதிரி எடுத்தல் முறை. மாசி மாதத்துச் சோதனை ஆனி மாதத்து நீருக்குச் சான்றாகாது. பருவந்தோறும் அளத்தல் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தாலே, கரிமப் பொருளின் ஏற்ற இறக்கத்தை எளிய செலவில் உய்த்துணரலாம்.

இதைக் கேட்டுக் குளோரினே வேண்டாவென எவரும் கூறிவிடலாகாது. காலரா சில நாளில் உயிர் குடிக்கும். இவற்றின் தீங்கோ பல்லாண்டு அளவு மீறிப் பருகினால் நேரக்கூடும் என அஞ்சப்படுவது. கிருமி நீக்கத்தைக் குறைத்து இவற்றைக் குறைக்க முயலலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கரிமப் பொருளை முன்னதாக நீக்கிப் பின்னர்க் குளோரின் இடுதலே அறிவுடைமை. படிகாரத்தை அளவறிந்து இடுதலும், வேண்டுமிடத்துக் கரிப்படுகையில் வடித்தலும் அதற்கு வழிகள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மழைநீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் சருகை அகற்றிய பின்னரே பிளீச்சிங் பவுடர் இடுங்கள். கூரையில் விழும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குடிநீரை மூடியைத் திறந்து நன்கு கொதிக்க வைத்தால் குளோரோபாரத்தின் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கோடையிலும் மழைக்காலத்திலும் கடைக்கோடிக் குழாய் நீரைச் சோதித்து, முடிவுகளை மக்கள் அறிய வெளியிடுமாறு உரியவர்களைக் கேட்போம். குறை கூறுதற்கன்று, அறிந்து பருகுதற்கே கேட்கிறோம். நம் பிள்ளைகளுட் சிலரேனும் இரசாயனம் பயின்று இவ்வளவைப் பணியை மேற்கொள்ளட்டும். மழை வானத்தின் கொடை. அதைத் தூய்மையாகக் குவளை வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை.